ஒற்றை எண் காரும் அண்ணியின் வலது கண்ணும்

என் அண்ணனுக்கு ஒரு கார் நம்பர் இருந்தது. கார் இருந்தது என்று சொல்லாமல் நம்பர் இருந்தது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்கள் வந்தன, போயின; நம்பர் மட்டும் அந்த வீட்டின் மூத்த பிள்ளை மாதிரி நிலைத்திருந்தது. ஒரே ஓர் இலக்கம், ஒன்பது. ஏலத்தில் அது கிடைத்த அன்று அண்ணன் ஈப்போவில் ஒரு சீன உணவகத்தில் இரண்டு மேசை பிடித்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன். இறால் அருமையாக இருந்தது. ஒரு நம்பருக்கா இவ்வளவு என்று கேட்க எனக்கும் அன்று வாய் வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் காருக்குள் இருப்பவர் யார் என்று முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பரைப் பார்ப்பார்கள். ஒற்றை இலக்கம் என்றால் ஹோட்டல் வாசலில் காவலாளி ஓடி வந்து தடுப்பைத் தூக்குவார். கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். அண்ணனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நாங்கள் பிறந்தது கோலா கங்சார் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அண்ணன் ஒரு பழைய லோரியில் தொடங்கி, மண் அள்ளி, மணல் அள்ளி, பதினெட்டு லோரிக்கு முதலாளி ஆனார். தோட்டத்தை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தபோது, நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துப் போட்ட கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போனதும் அவருடைய லோரிதான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நல்ல உழைப்பாளி, யாரும் மறுக்க முடியாது. என் கணவர் இறந்த வருடம் லகாட்டில் என் வீட்டுக் கூரை ஒழுகியபோது, நான் கேட்காமலேயே ஆள் அனுப்பி மாற்றிக் கொடுத்தார். இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

அண்ணி கிராணி வீட்டுப் பெண். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. தொழிலாளர் லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நடுவே ஒரு பெரிய கால்வாயும் ஒரு கம்பி வேலியும் இருந்தன. அந்த வேலியைத் தாண்டி வந்துதான் பால்மரம் வெட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளையான அண்ணனைக் கட்டிக்கொண்டார். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்தான். ஆனாலும் தோட்டம் போய், வேலி போய், அந்த இடத்தில் பெட்ரோல் நிலையமே வந்த பிறகும், அந்த வேலி அவர் மனதில் அப்படியே நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக அவரால் உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் கூட ஓரத்து நாற்காலியைத் தேடிப் போவார்.

அவர்கள் வீடு ஈப்போவில், பின்னால் சுண்ணாம்புக் குன்று தெரிகிற இடத்தில் இருந்தது. இரண்டு சமையலறை: ஒன்று சமைக்க, மற்றது காட்ட. யாரும் வாசிக்காத பியானோ. வரவேற்பறையில் என் குளியலறையைவிடப் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் தன்னந்தனியாக ஓர் அரோவனா மீன், செக்கச் செவேல் என்று. அதற்கு உயிருள்ள இறால்தான் தீனி. தீபாவளிக்குத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ். இந்த நாட்டில் பெருநாளன்று வாசலைத் திறந்து வைத்து எல்லா இனத்தாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது வழக்கம். நானும் என் வீட்டில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் இட்டிலி போடுவேன். அண்ணன் வீட்டில் அது எண்ணூறு பேர், மூன்று கூடாரம், இசைக்குழு, பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்க ஊதா நிற அங்பாவ் உறைகள், அதில் தங்க எழுத்தில் குடும்பப் பெயர்.

கொரோனா வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கட்டிட வேலைகள் நின்றன. அது முடிந்ததும் எல்லாம் பழையபடி ஓடும் என்று அண்ணன் இருந்தார். ஓடவில்லை. கட்டிய வீடுகள் விலை போகவில்லை, கட்ட வேண்டிய வீடுகளைக் கட்ட யாருக்கும் தைரியம் இல்லை. பத்து காஜா ஊருக்குப் போகும் பாதையில் அண்ணனின் லோரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் சக்கரத்தைச் சுற்றி லாலாங் புல் இடுப்பளவுக்கு வளர்ந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் லோரிகளை எண்ணுவேன். பதினெட்டு, பதினைந்து, பதினொன்று என்று குறைந்துகொண்டே வந்தன.

சரி, கஷ்ட காலம், யாருக்குத்தான் இல்லை? குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதுதான் இல்லை. எதை நிறுத்தினார்கள் தெரியுமா? நீச்சல் குளத்துக்கு மருந்து போடுவதை நிறுத்தினார்கள், ஏனென்றால் அது பின்பக்கம். தண்ணீர் பச்சையாகி, தவளைகள் குடும்பம் நடத்தின. மருத்துவக் காப்புறுதி கட்டுவதை நிறுத்தினார்கள், ஏனென்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. வாசல் தூண்களில் இருந்த விளக்குகளை மட்டும் நிறுத்தவில்லை. பகலிலும் எரிந்தன.

ஒரு நாள் போனபோது மீன் தொட்டி காலியாக இருந்தது. விளக்கு எரிகிறது, தண்ணீர் குமிழி விடுகிறது, மீன் இல்லை. மெங்லெம்புவில் ஒரு தௌக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், விற்றுவிட்டார்கள் என்று, அண்ணனின் காரை ஓட்டுகிற, நாங்கள் டிரைவர் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் ஏற்கனவே என்னிடம் சொல்லியிருந்தார். அன்று வந்திருந்த விருந்தாளி ஒருவர் மீன் எங்கே என்று கேட்டார்.

"சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றார் அண்ணன்.

மீன் சர்வீஸுக்குப் போகுமா? அந்த விருந்தாளியும் தலையாட்டிக்கொண்டார். நான் சமையலறைக்கு, அதாவது காட்டுகிற சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

கொஞ்ச நாளில் ஜெர்மன் காரும் போனது. நம்பர் போகவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஒரு பழைய உள்ளூர்க் காரை, பக்கத்துக் கதவில் நசுங்கலோடு, வாங்கி அதில் ஒன்பதை மாட்டினார். கிளப் வாசலில் காவலாளி நம்பரைப் பார்த்து சலாம் வைக்கக் கையைத் தூக்கி, காரைப் பார்த்துப் பாதியில் நிறுத்திய கதையை டிரைவர் அண்ணன் நடித்தே காட்டினார். மறு மாதம் அவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் வெறும் ஜம்பம், போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாதபடி ஆனது ஒரு சாயங்காலம். அண்ணி எனக்குத் தேநீர் ஊற்றினார். கோப்பையில் இல்லை, கோப்பைக்கு ஒரு விரல்கடை தள்ளி. தேநீர் மேசையில் ஓடி என் மடியில் வடிகிற வரை அவருக்குத் தெரியவில்லை.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில், கண் பிரிவின் பதிவு முகப்பில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். நான் டாக்டர் இல்லை, தாதி இல்லை, நம்பர் கொடுக்கிற ஆள். ஆனால் அவ்வளவு வருடம் பார்த்தால் சில விஷயம் தெரிந்துவிடும். முகத்தை லேசாகத் திருப்பி, ஓரக்கண்ணால் தேடுகிறவர்களை எனக்கு வாசலிலேயே அடையாளம் தெரியும்.

"எத்தன நாளா இப்படி இருக்கு அண்ணி?"

"கொஞ்ச நாளாத்தான். கொசு பறக்குற மாதிரி இருக்கும், அப்பறம் போயிடும். கண்ணாடி மாத்தணும்லா."

"கண்ணாடி இல்ல அண்ணி, இனிப்புநீரு. ஸ்பெஷலிஸ்ட் என்னா சொன்னாரு?"

அண்ணிக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி, எங்கள் ஊரில் அதை இனிப்புநீர் என்போம். அண்ணி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு வாங்கினேன். தனியார் மருத்துவர் எட்டு மாதத்துக்கு முன்பே லேசர் செய்யச் சொல்லியிருக்கிறார், தள்ளிப் போட்டால் கண் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். காப்புறுதி இல்லாததால் திரும்பிப் போகவில்லை. மெல்பர்னில் படித்து அங்கேயே தங்கிவிட்ட மகனிடமும் மூச்சு விடவில்லை.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். "பதிவுக்கு ஒரு வெள்ளி காசு, டாக்டரைப் பாக்க அஞ்சு வெள்ளி. அதே லேசர்தான்."

அண்ணி என்னைப் பார்த்தார், அதாவது என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். "அங்க எல்லாரும் இருப்பாங்களே" என்றார்.

ஒரு நம்பருக்காக ஏலத்தில் போய் உட்கார்ந்த குடும்பம், ஆஸ்பத்திரி நம்பருக்காக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறது. எனக்கு வந்த கோபத்தில் ஈரச் சேலையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனாலும் விடவில்லை. மூன்று வாரம் போனில் நச்சரித்து ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்து வந்தேன். கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ஒரு சால்வை, முன்வாசல் வேண்டாம் என்று மருந்தகத்துப் பக்கமாக. என் முகப்புக்குப் பின்னால் உட்காரலாமா என்று கேட்டார், அது முடியாது. நோயாளி நோயாளிகளோடுதான் உட்கார வேண்டும், அது அங்கே எல்லோருக்கும் ஒரே விதி. நம்பரைக் கையில் கொடுத்தேன். கடைசி வரிசையில், தூணோரமாகப் போய் உட்கார்ந்தார். நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

இன்னும் ஆறே ஆறு பேர்தான் இருந்தார்கள். அப்போது பார்த்து டிரைவர் அண்ணனின் மனைவி வந்தார். அவருக்கும் இனிப்புநீர்தான். சால்வையையும் கறுப்புக் கண்ணாடியையும் தாண்டி அண்ணியை அடையாளம் காண அவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"மேடம்! நீங்களும் இங்கதானா? என்னா மேடம் இப்படி ஓரமா? இங்க வாங்க, இங்க ஃபேன் காத்து வரும். நம்பர் எடுத்தாச்சா?" என்று தன் கைப்பையை எடுத்து, பக்கத்து நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டார்.

அதில் ஒரு துளி குத்தல் இல்லை. கணவனுக்கு வேலை போன ஆத்திரம் கூட இல்லை. அப்படி ஒரு மனுஷி. அவர் கொஞ்சம் குத்தலாகப் பேசியிருந்தால் அண்ணி வீம்புக்காவது உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

"இல்ல, நான் நாத்தனார பாக்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி எழுந்தார். நான் முகப்பை விட்டு எழுந்து வருவதற்குள், சுவரைத் தடவிக்கொண்டே மருந்தகத்துப் பக்கம் போய்விட்டார். ஒலிபெருக்கியில் அவர் நம்பரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் அண்ணியைப் போனில் கூப்பிட்டேன்.

"வெக்கமா இருக்குலா. மாலு தெரியுமா, மாலு! என்னால முடியாது" என்று வெட்கத்தை மலாயிலும் சொல்லி அழுதார். அவர் அழுததைக் கேட்டதும் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அதற்கும் சேர்த்து என் மீதே எரிச்சல் வந்தது.

மறுபடியும் கெஞ்சிக் கூத்தாடி, டாக்டரிடம் நானே போய்ச் சொல்லி, இன்னொரு தேதி வாங்கினேன். அந்தத் தேதி வியாழக்கிழமை. அண்ணன் வீட்டு ஓப்பன் ஹவுஸ் சனிக்கிழமை.

ஆமாம், ஓப்பன் ஹவுஸ். அந்த வருடமும். செய்தி கேட்டு நான் நேராக அண்ணனிடம் போனேன். அவர் கூடாரக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், மூன்று கூடாரமா நான்கா என்று.

"அண்ணே, வியாழக்கிழம அண்ணிக்கு லேசர். அப்பறம் ரெண்டு மூணு நாளு கண்ண சிரமப்படுத்தக் கூடாது. விருந்த தள்ளி வைங்க, இல்ல விட்டுடுங்க."

"லேசர தள்ளி வெப்போம்."

"கண்ணு போயிடும்ணே."

"ரெண்டு நாள்ல போயிடுமா? இத்தன மாசமா இருக்கு, இன்னும் ரெண்டு நாளு இருக்காதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இந்த வருஷம் நான் வாசல தொறக்கலன்னா, ஆளு முடிஞ்சான்னு ஊரே சொல்லும். அப்பறம் ஒருத்தனும் என் போன எடுக்க மாட்டான். ரெண்டு பேரு புது புரோஜெக்ட் வச்சிருக்காங்க, அவங்க வாராங்க. ஒன்னு கெடச்சா போதும், பினாங்குக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய டாக்டர்கிட்ட காட்டுறேன். அவ கண்ண தொறந்துட்டு வாசல்ல நிக்கணும்லா. கண்ணுல கட்டுப் போட்டுட்டு நிக்க முடியுமா?"

அவர் முட்டாள் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் கூட இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஊர் அப்படித்தான். முடிந்தவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணியாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "சனிக்கிழம முடிஞ்ச ஒடனே வாரேன், சத்தியமா" என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. நான் தேதியை மாற்றினேன். அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்துத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. இரண்டு லோரிகள் விலை போய்ப் பிரியாணியாகவும் ஆட்டுக்கறியாகவும் மாறியிருந்தன. நீச்சல் குளத்தைச் சுற்றித் துணி கட்டி மறைத்திருந்தார்கள். நசுங்கிய காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய காரை வாசலில் நிறுத்தி, அதில் ஒன்பதை மாட்டியிருந்தார் அண்ணன். அது சட்டப்படி குற்றம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்.

அண்ணி வாசலில், பச்சைப் பட்டுச் சேலையில், கையில் அங்பாவ் உறைகளோடு நின்றார். ஐம்பத்தெட்டு வயதிலும் அழகாகத்தான் இருந்தார். முதலில் வந்த சில குடும்பங்களைச் சமாளித்துவிட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். பிறகு குள்ளமான பெரிய மனிதர் ஒருவர், சுல்தானிடம் பட்டம் வாங்கியவர், புது புரோஜெக்ட் வைத்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர், தலையைக் குனிந்து புன்னகையோடு வந்தார். அண்ணி அவர் தலையைத் தடவி, "நல்லா படிக்கணும், என்னா?" என்று ஓர் உறையை அவர் கையில் வைத்தார்.

அந்தப் பெரிய மனிதரே முதலில் சிரித்தார். அண்ணி வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அண்ணி மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்தார்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். இன்று வரை எனக்கு மன்னிப்பு இல்லாதது இதுதான். அங்கேயே அவர் கையைப் பிடித்து, "போதும், வாங்க" என்று உள்ளே இழுத்துப் போயிருக்க வேண்டும். பிரியாணியும் பெரிய மனிதர்களும் நாசமாகப் போகட்டும் என்று கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அவருக்கு இடது பக்கமாகப் போய், ஒரு படி பின்னால் நின்றுகொண்டேன். வாயைப் பெரிதாக அசைக்காமல், அவர் காதோரமாகச் சொல்லத் தொடங்கினேன்.

"வலது பக்கம், மலாய்க்காரர், தொப்பி, கூட மனைவி. இங்கிலீஷ்ல பேசுங்க."

"நேரா வாராங்க, உங்க மாமா மக. புதுச் சேல கட்டியிருக்காங்க, சிவப்பு."

"சின்னப் பிள்ளைங்க ரெண்டு. குனிஞ்சு குடுங்க. இன்னும் கீழ."

அண்ணி தலையை என் பக்கம் லேசாகச் சாய்ப்பார், நான் சொல்வேன், நிமிர்ந்து, முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க, இவ்வளோ லேட்டாவா? சேல நல்லாருக்கே, சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்பார். மூன்று மணி நேரம். எண்ணூறு பேரில் ஒருவருக்குக் கூடத் தெரியவில்லை. கடைசியில் எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஒருவரைப் பற்றி நான் கேலியாக எதையோ சொல்ல, அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். திருமணமாகி வந்த இத்தனை வருடத்தில் எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் இருந்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. நம் வேலையை யாரும் கண்டுபிடிக்கவில்லை பார் என்று.

அண்ணனுக்கு புரோஜெக்ட் கிடைக்கவில்லை. குள்ளமான பெரிய மனிதர் அந்த உறையைப் பற்றி நாலு இடத்தில் சொல்லிச் சிரித்தாராம், அவ்வளவுதான். கூடாரக்காரர் பாக்கிக்கு பியானோவைத் தூக்கிக்கொண்டு போனார்.

விருந்து முடிந்து மூன்றாவது வாரம், காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது.

"வலது பக்கம் இருட்டா இருக்குலா" என்றார் அண்ணி. மிகவும் சாதாரணமாகச் சொன்னார். "தொடச்சுத் தொடச்சுப் பாக்குறேன், போகல."

நசுங்கிய காரில் வந்தார்கள். ஒன்பது மறுபடியும் அதில் இருந்தது. அண்ணன் தானே வந்து என் முகப்பில் நின்று கையை நீட்டினார். நான் நம்பரைக் கொடுத்தேன். ஆயிரத்து நாற்பத்திரண்டு. என் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணி முன்வரிசையில், சால்வை இல்லாமல், இரண்டு சீனக் கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். யார் பார்க்கிறார்கள் என்று தேடவில்லை. தேடினாலும் தெரிந்திருக்காது.

டாக்டர் ஒரு சின்ன வயது மலாய்ப் பெண். வலது கண்ணில் இரத்தம் கசிந்து விழித்திரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது என்றார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். இடது கண்ணுக்கு அன்றைக்கே லேசர் செய்தார்கள். வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், நம்பிக்கை கொஞ்சம்தான் என்றார்.

"பினாங்கு, சிங்கப்பூர், எங்க போனாலும் பரவால்ல டாக்டர். ஒரு பொருள் இருக்கு, விக்கிறேன்" என்றார் அண்ணன் மலாயில். எங்கே போனாலும் இதே அறுவைதான், சில மாதம் முன்பு வந்திருந்தால் அறுவையே வேண்டியிருக்காது என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

அண்ணன் நம்பரை விற்றார். வீட்டையும் வங்கி எடுத்துக்கொண்டது. லகாட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். ஒரே ஒரு சமையலறை. ஒன்பது இப்போது யாரிடம் இருக்கிறதோ, தெரியாது. அண்ணனின் காரில் நாலு இலக்கம். எனக்கு அது மனப்பாடம் ஆகவே மாட்டேன் என்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். உள்ளே மூன்று பேரும் போனோம். அண்ணன் கதவோரமாக நின்றார். நான் அண்ணிக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் அண்ணியின் இடது கண்ணை ஒரு கறுப்புத் தகட்டால் மறைத்தார். பிறகு வலது கண்ணுக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில், தன் கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல், ஆன்ட்டி?" என்றார் மலாயில்.

மூன்று விரல். வெளிச்சம் நன்றாக இருந்தது. அண்ணி முகம் மலர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசலில் விருந்தாளிகளுக்கு வைத்த அதே முகம்.

பிறகு அண்ணி தலையை மெல்ல என் பக்கம் சாய்த்தார். காது என் வாய்க்கு மிக அருகில் வந்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் அப்படியே, புன்னகை மாறாமல், காத்துக்கொண்டிருந்தார்.